ஒரு பவுண்டு குறைகிறாள் தேவகி

திருத்தணி,
21-2-1946.

பெருமதிப்பிற்குரிய அண்ணி ஜெயம்மாள் அவர்கள் பாதங்களுக்கு, தங்கள் தம்பி சாமிநாதனைக் கைப்பிடித்த தமயந்தி தலை தாழ்ந்து எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் தம்பி, குழந்தை தேவகி மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அண்ணனும், ஆஸ்பத்திரியில் தங்கள் கையில் வந்து விழுகிற வேலூர்க் குழந்தைகள் அத்தனை பேரும், அவரவர் வயதுக்கேற்ற எடையில் சௌக்கியமாக இருக்க மலைமேல் இருப்பவரை வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. முதல் கடிதத்தில் இரண்டு பக்கம் நலம் விசாரித்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் குழந்தையின் எடையைக் கேட்டிருந்தீர்கள். இரண்டாவதில் நலம் ஒரு வரி, எடை ஒரு பக்கம். மூன்றாவது ஒரு கார்டு, அதில் "எடை?" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. தபால்காரர் தேசப்பன் அதைப் படித்துவிட்டு, "இன்னாம்மா, உங்க நாத்தனாரு வேலூர்ல வெறகு மண்டி வெச்சிருக்கறாங்களா?" என்று கேட்டார். மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தது சோம்பலால் அல்ல, மரியாதைக் குறைவாலும் அல்ல. பதில் என்னிடம் இல்லாததால்தான். இப்போது இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லுமுன் நடந்தது அத்தனையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள். ஊர் முழுக்க ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

பொங்கலுக்கு வந்து திரும்பும்போது, ஸ்டேஷனில் வண்டி ஊதிய பிறகு, ஜன்னல் வழியாக அந்த ஆங்கிலக் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தையும் எடை குறிக்கும் அட்டையையும் என் கையில் கொடுத்துத் தாங்கள் சொன்னது ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "ஏழு மாசம் முடியறப்ப பதினாறு பவுண்டு இருக்கணும் தமயந்தி. மாசி முடியறதுக்குள்ள வரலைன்னா நானே வந்து ரெண்டு பேரையும் வேலூருக்குக் கூட்டிக்கினு போயிடுவேன். அவ நடக்கற வரைக்கும் அங்கதான்." நானும் "ஆங், சரிங்க அண்ணி" என்றேன். பி.ஏ.வில் கணிதம் எடுத்துத் தேறியவள் நான். ஆனாலும் தாங்கள் எதிரே நின்றால் மூளைக்கு முன்னால் கழுத்து ஆடிவிடுகிறது. வண்டி போன பிறகுதான் விஷயம் புரிந்தது. பிள்ளை பெற்ற நாற்பது நாளும் குழந்தையைக் குளிப்பாட்டியது தாங்கள், மருந்து கொடுத்தது தாங்கள், விக்கலை நிறுத்தியதுகூடத் தாங்கள். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு இத்தனை மாதம் நானாக வளர்த்திருக்கிறேன். இப்போது ஒரு பவுண்டு குறைகிறது என்று என்னையும் குழந்தையையும் மூட்டை கட்டிக் கொண்டுபோனால், "படிச்ச பொண்ணு, பிள்ளை வளர்க்கத் தெரியலை" என்பது ஆயுசுக்கும் என் பேருக்குப் பின்னால் பி.ஏ.வுக்குப் பதிலாக ஒட்டிக்கொள்ளும். ஆகையால் தாங்கள் வரவேண்டாம் என்பதற்காகவே இத்தனை பாடும் பட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்றிலிருந்து தேவகி எனக்குக் குழந்தையாகவே தெரியவில்லை; அளவு குறைந்த சரக்காகத்தான் தெரிந்தாள். குடித்தால் எத்தனை அவுன்ஸ் ஏறியிருக்கும் என்று பார்ப்பேன், நனைத்தால் எத்தனை அவுன்ஸ் போயிற்று என்று துணியைக் கையில் தூக்கிப் பார்ப்பேன். "இன்னாத்த நிறுத்துகினு இருக்கற?" என்று பக்கத்து வீட்டு கெங்கம்மாள் கேட்டாள். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவருடைய மனைவி, ஆகையால் எதையும் கேட்கும் உரிமை உள்ளவள். குழந்தை பதினாறு பவுண்டு இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவள் கையை மோவாயில் வைத்துக்கொண்டு, "பதினாறு பவுனா? பொட்டப் புள்ளன்னு இப்பவேவா கேக்கறாங்க உங்க நாத்தனாரு? தொட்டில்ல இருக்கச்சொல்லவே?" என்றாள். நகை இல்லை, எடை என்றேன். அந்த நேரம் பால் ஊற்ற வந்த மணியம்மையின் எருமை போன மாதம்தான் யாருடைய கரும்பிலோ இறங்கி, மாடு பிடித்து அடைக்கிற பவுண்டில் அடைபட்டு, அவள் மூன்று நாள் அலைந்திருந்தாள். "கொயந்தைய எதுக்கும்மா பவுண்டுல உடணும்? அது இன்னா மேஞ்சிது?" என்று அவள் பாவம் கண் கலங்கிவிட்டாள். இரண்டு பேரையும் உட்காரவைத்து, தங்கத்தில் ஒன்று, மாட்டுக்கு ஒன்று, சீமை ராஜா தலை போட்ட நோட்டில் ஒன்று, எடையில் ஒன்று, எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் ஒரே பேரை வைத்துவிட்டுப் போனான் என்று கரும்பலகை இல்லாத குறையாக அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். கடைசியில் கெங்கம்மாள் கேட்டது இதுதான்: "அல்லாம் சரி. ராத்தல்னு சொல்லியிருந்தா முன்னயே புரிஞ்சிருக்குமே?" மணியம்மையின் பால் அதற்குள் திரிந்துவிட்டது.

ராத்தல் என்று பேர் இருக்கிறதே தவிர, அண்ணி, ராத்தல் கணக்கில் நிறுக்கும் தராசு எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால் தெரியும் திருத்தணியின் லட்சணம். மளிகைக்கடைத் துளசிங்கத்திடம் வீசையும் பலமும்தான். அதனால் என்ன, கணிதம் எதற்குப் படித்தோம் என்று பதினாறு பவுண்டை ஐந்து வீசை ஏழு பலமாகப் பெருக்கிக் கழித்து எழுதிக்கொண்டு போனேன். அவர் குழந்தையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தராசைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "அம்மா, இது புளி நிறுக்கற தராசு. உங்க பாப்பாவை வெச்சி நிறுத்தேன்னு வெளிய தெரிஞ்சா, ஒரு சனம் என் கடைல புளி வாங்காதுங்க. மண்ணைத் தட்டிக்கினு போய்ட்டு வாங்க." எந்த மண்ணைத் தட்டச் சொன்னார் என்று இன்னும் புரியவில்லை, தட்டிவிட்டு வந்தேன்.

அடுத்தது ரயில்வே ஸ்டேஷன். பார்சல் நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று அங்கே இருக்கிறது. குழந்தையைத் தனியாகப் படுக்கவைக்க மனசு வரவில்லை. அதனால் நானும் குழந்தையுமாக ஒருமுறை ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, இரண்டையும் கழித்துவிடலாம் என்று யோசனை செய்தேன். அந்த யோசனை வந்ததும் எனக்கே என்மேல் மதிப்பு உண்டாயிற்று. பார்சல் குமாஸ்தா நல்ல மனிதர், ஆனால் குரல் பெரிது. மெட்ராஸ் மெயிலுக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மொத்தம் ஒரு மணங்கு பதினேழு சேர்" என்றார். குழந்தையைத் துணைக்கு வந்திருந்த கெங்கம்மாளிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினேன். "சரக்கு மட்டும் ஒரு மணங்கு எட்டு சேர்" என்றார். சரக்கு என்றது என்னை. ஒன்பது சேர் குழந்தை. பவுண்டில் பதினெட்டரை. அண்ணி, அந்த அரைமணி நேரம் நான் இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. தங்களுக்குத் தந்தி அடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தந்தி ஃபாரம் வாங்கக் கையை நீட்டியபோதுதான் குடை, பால்புட்டிப் பை, தாங்கள் கொடுத்த அந்தக் கனத்த புத்தகம் மூன்றும் முதல் தடவை என் தோளில் தொங்கியதும், இரண்டாம் தடவை பெஞ்சியில் கிடந்ததும் கண்ணில் பட்டது. திரும்பப் போய்க் கேட்டேன். "இன்னொரு வாட்டி ஏறணும்னா நாளைக்கி வாங்கம்மா, இப்ப வெத்தலைக் கூடைங்க வந்துருச்சு" என்றார் குமாஸ்தா. கூடைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இதையெல்லாம் தங்கள் தம்பியிடம் சொன்னேன். தாலுகா ஆபீஸ் வேலையில் அவர் வாரத்தில் நான்கு நாள் திருவாலங்காடு, மணவூர் என்று காம்ப் போய்விடுகிறார்; மீதி நாளில் வீட்டில் இருக்கிறாரா என்பதும் சந்தேகம்தான். "பாப்பா நல்லாத்தானே இருக்கா" என்றார். எதைவைத்துச் சொல்கிறீர்கள் என்றேன். "பாத்துதான்" என்றார். பார்த்தால் போதும் என்றால் புத்தகம் எதற்கு என்று நான் பேசியது தங்கள் காதில் விழவேண்டாம்.

கடைசியில் வழி சொன்னவளும் கெங்கம்மாள்தான். பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்களுக்கு அதாவுல்லா சாயபு சர்க்கார் பர்மிட்டுக்கு நூல் நிறுத்துக் கொடுக்கிற டிப்போ பஜார் கோடியில் இருக்கிறது அல்லவா, அங்கே எல்லாம் ராத்தல்தான். நூல் கட்டே பத்து ராத்தல் கட்டு. உத்தரத்திலிருந்து இரண்டு பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்ட பெரிய தராசு. குழந்தை படுக்கக் கட்டில் மாதிரி இருக்கும். போன வெள்ளிக்கிழமை போனோம். சாயபு பெரிய மனது பண்ணி, தன் துண்டை நாலாக மடித்துப் பலகையில் விரித்தார். ஐந்து ராத்தல் கல் ஒன்றுதான் அவரிடம் பெரிது. மற்றதெல்லாம் சில்லறைக் கல். அதனால், அப்போதுதான் எல்லப்பன் என்கிற நெசவுக்காரருக்காக எடுத்து வைத்திருந்த நூல் கட்டை எதிர்ப்பலகையில் வைத்து, அதன்மேல் ஐந்து ராத்தல் கல்லையும் வைத்தார். எல்லப்பன் பாவம், இரண்டு மாதம் தறி சும்மா கிடந்து அந்தக் கட்டுக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர், "வையுங்க, கொயந்தைக்கு இல்லாததா?" என்று தானே தூக்கிக் கொடுத்தார். தேவகியைப் படுக்கவைத்தேன். பலகை ஆடிற்று. அவளுக்கு ஊஞ்சல் என்று நினைப்பு, சிரித்தாள். முள் இப்படியும் அப்படியும் போய், நடுவில் நின்றது. பத்தும் ஐந்தும் பதினைந்து. "பதினைந்து" என்று நான் வாய்க்குள் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் கெங்கம்மாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "முருகா, ஏத்துக்கினியாப்பா" என்று கத்திவிட்டாள்.

கத்தினதோடு விட்டாளா. வாசலில் போய்க்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். "கொயந்தையும் நூலும் சரியா நின்னுது பாருங்க, ஒரு நூலு இந்தாண்ட அந்தாண்ட இல்ல." குழந்தையைத் தராசில் வைத்து எடைக்கு எடை கொடுப்பது சாமிக்குத்தானே தவிர மனுஷருக்கு இல்லையாம்; எதிர்த்தட்டில் இருந்தது எதுவோ அது அந்த நொடியிலேயே சாமி சொத்தாம்; திருப்பி எடுத்தால் குழந்தைக்கு ஆகாதாம். நான் எடைதான் பார்க்க வந்தேன், வேண்டுதல் எதுவும் இல்லை என்றேன். "வேண்டிக்காம யாராச்சும் கொயந்தைய தராசுல வெப்பாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தாங்கள் வைக்கச் சொன்னீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, குடும்ப மானம் இருக்கிறதே. நான்கு வருஷம் காலேஜில் தர்க்கம் பேசி மெடல் வாங்கினவள், அண்ணி. அந்தக் கூட்டத்தின் எதிரே "அது வந்து, அது வந்து" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அதைவிட மோசம், கெங்கம்மாள் "ஆகாது" என்று சொன்ன பிறகு, அந்தக் கட்டை யாரும் திருப்பி எடுத்துவிடாதபடி நானே பலகையை மறைத்துக்கொண்டு நின்றேன். நான் படித்த படிப்பின் ஆழம் எத்தனை அவுன்ஸ் என்று அன்றைக்குத் தெரிந்தது.

எல்லப்பன் நூல் கட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "என் நூலுங்க அது" என்றார், சன்னமாக. சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "சாமிக்குன்னு பத்துப் பேர் சொன்னப்புறம் அதை நான் உள்ள தூக்கி வெச்சா நல்லா இருக்காதுங்க. மலைக்கிக் கொண்டுபோங்க. எல்லப்பா, அடுத்த லோடு வரட்டும், மொதக் கட்டு உனக்கு" என்றார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கெங்கம்மாள், "கல்லு?" என்றாள். எதிர்த்தட்டில் கல்லும் இருந்ததே. சர்க்கார் முத்திரை குத்திய ஐந்து ராத்தல் இரும்புக் கல். "அதுவுமா?" என்றார் சாயபு. இந்த ஒரு இடத்தில்தான் அவர் முகம் வாடியது. அது இல்லாமல் டிப்போவைத் திறக்க முடியாது.

ஆகவே அன்று பகல் பதினோரு மணிக்கு மலைப்படியில் ஏறினோம். முன்னால் கெங்கம்மாள், அடுத்து தோளில் நூல் கட்டோடு எல்லப்பன், கையில் கல்லோடு சாயபுவின் கடை ஆள், பின்னால் குழந்தையோடு நான், எனக்குப் பின்னால் எதற்கு வருகிறோம் என்று தெரியாமலே வந்த பன்னிரண்டு பேர். அத்தனை படியையும் பதினைந்து பவுண்டோடு ஏறிப் பார்க்கிறவர்கள் ஒரு பவுண்டு குறைகிறது என்று சொல்லமாட்டார்கள். நூறாம் படியிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. யாரோ ஒருத்தி "குடும்மா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. பிறகு கண்ணில் படும்போதெல்லாம் தேவகி வேறு வேறு தோளில் இருந்தாள், ஒவ்வொருவர் மூக்குத்தியையும் பிடுங்கப் பார்த்துக்கொண்டு. ஒரு இடத்திலும் அழவில்லை. நான்தான் அழுதேன், வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

மேலே கோயில் குமாஸ்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெல்லம் வரும், வாழப்பழம் வரும், பாத்திருக்கேன். நூலை வெச்சிகினு சாமி இன்னாம்மா பண்ணுவாரு? அவரா நெய்வாரு?" என்றார். எல்லப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் நெய்யறனுங்க" என்றார். நூலை அவரே எடுத்துக்கொண்டுபோய் சாமிக்கு ஒரு வஸ்திரம் நெய்து கொண்டுவருவது, மிஞ்சியதை அவரே வைத்துக்கொள்வது என்று அங்கேயே தீர்ந்தது. ஒரு வஸ்திரத்துக்கு எத்தனை நூல் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கணக்குப் போடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக. கல்லை மட்டும் குமாஸ்தா தொடவே மாட்டேன் என்றுவிட்டார். விபூதி பூசிக் கீழே அனுப்பினார்கள். இப்போது டிப்போவில் நூல் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் "மலைக்கிப் போய் வந்த கல்லால நிறுங்க பாய்" என்கிறார்களாம். மற்ற கற்களை எடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்களாம். ஐந்து ராத்தலுக்குக் குறைந்தது எதையும் அவரால் விற்க முடியவில்லை என்று கேள்வி. நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

ஆக, அண்ணி, தாங்கள் கேட்ட எடை பதினைந்து. அட்டையில் முதலில் பென்சிலால் பதினாறு என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன், அந்த இடத்தில் காகிதம் கொஞ்சம் தேய்ந்திருக்கும், மன்னிக்கவும். உண்மையைச் சொன்னால் பதினைந்துகூட இல்லை. காலில் வெள்ளித் தண்டை இருந்தது, இடுப்பில் அரைஞாண் இருந்தது, துணி நனைந்திருந்தது, சாயபுவின் துண்டு இருந்தது, கெங்கம்மாள் பலகையின் ஓரத்தை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றும் ஒரு நினைவு. பதினாலேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் தானாக உட்காருகிறாள். தங்கள் தம்பி செருப்புச் சத்தம் கேட்டால் திரும்புகிறாள். கோபம் வந்தால் புருவத்தைத் தாங்கள் தூக்குகிற மாதிரியே தூக்குகிறாள். அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. இனி நிறுக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நிறுக்கத் தராசு கொடுப்பாரும் இந்த ஊரில் இல்லை. எனக்கு வளர்க்கத் தெரிகிறது, கொஞ்சம் கொஞ்சமாக. ஆகையால் தாங்கள் ஆஸ்பத்திரியில் லீவு போட்டு, அரக்கோணத்தில் வண்டி மாறி, சிரமப்பட்டு வரவேண்டாம். மாசியிலும் வேண்டாம், பங்குனியிலும் வேண்டாம். நானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன் என்று உறுதியாக எழுதுகிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். புத்தகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பலாம் என்றால் அதன் கனம் தங்களுக்கே தெரியும். தங்கள் கையால் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். பெரியவர்கள் ஆசியையே எப்போதும் நாடும்,

தங்கள் அன்புள்ள,
தமயந்தி.

பி.கு.: மேலே எழுதியது காலையில். உறையில் போடுவதற்குள் தேவகி பசி என்று அழுதாள், எடுத்தேன், கடித்துவிட்டாள். எப்போதும் போல ஈறால் இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் கீழே ஒரு பல், அரிசிக் குறுணை அளவு. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணி. எடை பார்க்கிற மும்முரத்தில் நான் வாயைப் பார்க்கவே இல்லை. அவள் அழுகையை நிறுத்திய பிறகும் நான் வெகு நேரம் அழுதேன். தங்கள் தம்பி சனிக்கிழமை வரை மணவூரில். கெங்கம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்காள் ஊருக்குப் போயிருக்கிறாள். இவ்வளவு பெரிய சமாசாரத்தைக் காட்ட எனக்கு ஒரு ஆள் இல்லை. மேலே வரவேண்டாம் என்று வருகிற இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். கிடைக்கிற முதல் வண்டியில் வாருங்கள். வேலூருக்கா இல்லையா என்பதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். வந்ததும் பல்லைத் தொட்டுப் பார்க்க விரலை மட்டும் வாயில் விட்டுவிடாதீர்கள், நன்றாகவே கடிக்கிறாள்.